உப்பு லோடு சலானும் கீழக்கரை விபத்தும்: லைசென்ஸ் போகுமா?

தம்பி, நீங்க ஓட்டின லாரியில் வாலிநோக்கம் உப்பு லோடு 3 டன் கூடுதல் என்று ஒரு சலான் (அபராதச் சீட்டு). அடுத்த வாரமே கீழக்கரை பக்கம் ஸ்கூட்டரை உரசி, அதை ஓட்டியவருக்குக் கை முறிவு. லைசென்ஸ் போகுமா, வேறு கம்பெனி எடுக்குமா என்று கேட்டிருக்கீங்க.

ஓவர்லோடுக்கு 20,000, டன்னுக்கு 2,000 வீதம் 6,000, ஆக 26,000 ரூபாய். கூடுதலா ஏற்றி அனுப்பிய ஓனரும் சட்டப்படி பொறுப்பு. எடைச்சீட்டை போட்டோ எடுத்து வைங்க. பணத்தைவிட லைசென்ஸ்தான் கவலை: ஓவர்லோடு, வேகம், போன் பேசி ஓட்டுவது ஆகியவற்றுக்கு 3 மாதத்துக்குக் குறையாமல் நிறுத்திவைக்கச் சொல்லி 2015-லேயே உச்ச நீதிமன்றக் குழு உத்தரவிட்டிருக்கு. ஆர்.டி.ஓ. நோட்டீஸ் வந்தா கண்டிப்பா எழுத்தில் பதில் கொடுங்க. உங்களைக் கேட்காம நிறுத்தக் கூடாது. உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் அப்பீல் போகலாம். போலீஸ் லைசென்ஸை வாங்கியிருந்தா ரசீது கேளுங்க, அதில் போட்ட தேதிவரை அதை வைத்தே ஓட்டலாம்.

விபத்து வழக்குதான் பெரிசு. எலும்பு முறிவு என்பது சட்டத்தில் கொடுங்காயம், பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டம்) 125(பி)-யில் 3 வருடம் வரை தண்டனை இருக்கு. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு, அன்னைக்கே முடிஞ்சிரும்" என்று கோர்ட் வாசலில் சொல்வாங்க. கேட்காதீங்க! ஒத்துக்கொண்டா அது குற்றத்தீர்ப்பு. நாளைக்கு டேங்கர், கன்டெய்னர் கம்பெனியில் போலீஸ் சரிபார்ப்பு கேட்கும்போது அதுதான் முன்னால் வந்து நிற்கும். முதலில் எஃப்.ஐ.ஆர். நகலும் வண்டி ஆய்வு அறிக்கையும் வாங்கி வக்கீலிடம் காட்டுங்க.

புது கம்பெனி கேட்டா மறைக்காம சொல்லிடுங்க. மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனில் சலானைத் தேடிப் பார்க்க முடியும்.