17-சி தாள் யார் வீட்டில் இருக்கிறது?

கேள்வி: நாங்கள் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கத்துப் பசங்க, பன்னிரண்டு பேர். எந்தக் கட்சியிலும் இல்லை. சட்டமன்றத் தேர்தல் அன்று வயதானவர்களைச் சாவடிக்கு அழைத்துப் போனோம், ஸ்லிப் தேடிக் கொடுத்தோம். முடிவு வந்ததிலிருந்து ஏரியாவில் ஒரே பேச்சு. சில பூத்தில் பதிவானதும் எண்ணியதும் ஒத்துப்போகவில்லையாம், பணம் ஓடியதாம், பலர் பெயர் பட்டியலிலேயே இல்லையாம். மறு எண்ணிக்கை கேட்டு மறியல் பண்ணலாம் என்கிறார்கள் சிலர். நாங்கள் உருப்படியாக என்ன செய்யலாம் சார்?

பதில்: மறியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் காலண்டரை எடுத்து, முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள் எண்ணி, அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போடுங்கள். தேர்தல் மனு, அதாவது முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் வழக்கு, போட அதுதான் கடைசி நாள். அரசியல் சாசனத்தின் 329-வது பிரிவுப்படி, அந்த மனுவைத் தவிர வேறு வழியில் முடிவை எதிர்த்து நீதிமன்றம் போக முடியாது. ஒரு நாள் தவறினாலும், காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் தாமதத்தை மன்னிக்க மாட்டார்கள். வாக்குச்சாவடிக் கேமராப் பதிவுகளுக்கும் இதே கெடுதான். 45 நாளுக்குள் வழக்கு வராவிட்டால் அவற்றை அழித்துவிடலாம் என்று 2025 மே மாதம் தேர்தல் ஆணையம் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது.

மறு எண்ணிக்கை மறியல் செய்து வாங்குகிற சமாச்சாரம் இல்லை. வேட்பாளரோ அவருடைய முகவரோ, எண்ணும் மையத்திலேயே, தேர்தல் நடத்தும் அதிகாரி 20-ம் படிவத்தில் (எண்ணிக்கை முடிவுத் தாள்) கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, காரணத்தோடு எழுதிக் கேட்க வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் போய்விட்டால் அப்புறம் உயர் நீதிமன்றம்தான்.

சரி, உங்களால் ஆகிற காரியத்துக்கு வருகிறேன். 17-சி சேகரியுங்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் தலைமை அலுவலர் நிரப்புகிற கணக்குத் தாள் அது. எந்த எண்ணுள்ள இயந்திரம், எத்தனை ஓட்டு பதிவானது எல்லாம் அதில் இருக்கும். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு வேட்பாளரின் ஏஜென்ட்டுக்கும் ஒரு நகல் தர வேண்டும் என்பது தேர்தல் நடத்தை விதிகளில் 49-எஸ் விதி. நம்ம ஏஜென்ட் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிரியாணி சாப்பிடப் போய்விடுவார். சட்டை துவைக்கிற கல்லுக்குப் போகும். நான் பார்த்த வழக்குகளில் பாதி அந்தக் கல்லிலேயே தோற்றவை.

பொதுமக்களுக்கு இந்தத் தாளை யாரும் தர மாட்டார்கள். இணையத்தில் ஏற்றச் சொல்லிக் கேட்டபோது 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட மறுத்துவிட்டது. ஆகவே வீடு வீடாகப் போய்த்தான் வாங்க வேண்டும். அதற்குக் கட்சிக்காரரைவிட நீங்கள்தான் பொருத்தம். ஜெயித்தவர், தோற்றவர், சுயேச்சை, எல்லாருடைய ஏஜென்ட்டும் உங்கள் தெருக்காரர்தானே! காசிமேட்டு ஏஜென்ட் கடலுக்குப் போயிருந்தால் வீட்டில் இருக்கும் அக்காவிடம் கேளுங்கள். ஒரு பூத்துக்கு இரண்டு எதிரெதிர்க் கட்சிகளிடமிருந்து நகல் கிடைத்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த எண்ணை நம்பலாம். தாளை போட்டோ எடுத்தால் மட்டும் போதாது. அசல் யாரிடம் இருக்கிறது என்றும் எழுதி வையுங்கள், நாளைக்குச் சாட்சி சொல்ல அவர்தான் வர வேண்டும்.

பிறகு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் வெளியாகும் 20-ம் படிவத்தோடு பூத் வாரியாக ஒப்பிடுங்கள். இங்கேதான் ஆர்வக்கோளாறு வேலையைக் கெடுக்கும். செல்லுபடியான ஓட்டு என்ற கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு 'பதினோரு ஓட்டைக் காணோம்' என்று கத்துவார்கள், நோட்டா பக்கத்துக் கட்டத்தில் இருக்கும். தபால் ஓட்டு எந்த பூத்திலும் சேராது, கடைசியில் தனியாக வரும். வாக்குப்பதிவு அன்று மாலை டிவியில் காட்டிய சதவீதத்தை வைத்து ஒப்பிடவே கூடாது. அது சாவடிகளிலிருந்து அவ்வப்போது வந்த தோராயக் கணக்கு.

ஒரு பூத்தில் 50-ஐ ஒட்டி ஓட்டு கூடுதலாக இருந்தால் முதலில் மாதிரி வாக்குப்பதிவைச் சந்தேகியுங்கள். காலையில் வாக்குப்பதிவுக்கு முன்பு, ஏஜென்ட்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டு போட்டுக் காட்டி, அதை அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் அழிக்க மறக்கிற அலுவலர்கள் உண்டு. அப்படிப்பட்ட இயந்திரத்தை எண்ணாமல் ஓரமாக வைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அதிலுள்ள ஓட்டைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் விவிபாட் சீட்டுகளை (ஓட்டு யாருக்கு விழுந்தது என்று அச்சாகும் காகிதச் சீட்டு) எண்ணுவார்கள். இதில் மோசடி எதுவும் இல்லாமல் போகலாம், அதை ஏற்றுக்கொள்கிற மனசும் வேண்டும்.

இயந்திரத்தின் மீதே சந்தேகம் என்றால், 2024 ஏப்ரல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி இரண்டாவது, மூன்றாவது இடம் வந்த வேட்பாளர்கள் 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்கக் கேட்கலாம். முடிவு வந்த ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், செலவும் அவர்களுடையது. உங்களுக்கு அந்த உரிமை இல்லை.

பண விஷயம் வேறு மாதிரி. உங்கள் தொகுதியான ஆர்.கே.நகரில் இருந்துகொண்டு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2017 ஏப்ரல் 12-ம் தேதி நடக்க வேண்டிய இடைத்தேர்தலைப் பண விநியோகத்துக்காக ஆணையமே ரத்து செய்து, டிசம்பர் 21-ல் நடத்தியது. ஆனால் நீதிமன்றத்தில் 'ஊருக்கே தெரியும்' என்பது செல்லாது. யார், யாருக்கு, எந்தத் தெருவில், எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்தார், வேட்பாளருக்கு அது தெரியுமா என்று தனித்தனியாகச் சொல்லி, 25-ம் படிவத்தில் பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். கிரிமினல் வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். வாங்கின ஆள் கூண்டில் ஏறி வாங்கினேன் என்பாரா? அதனால் இது மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் வழக்கை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

பெயர் விடுபட்ட புகாரை இதோடு கலக்காதீர்கள். பட்டியலில் உள்ள குறையைத் தேர்தல் மனுவில் கிளற முடியாது. குடிசை மாற்றத்தில் பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று போனவர்களை இடம் பெயர்ந்தவர் கணக்கில் நீக்கியிருப்பார்கள். அவர்களுக்கு இப்போது குடியிருக்கும் முகவரியில் பெயர் சேர்க்கும் 6-ம் படிவம் போட்டுக் கொடுங்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஒத்துப்போகாத பூத்கள் நிஜமாகவே இருந்து, அந்த ஓட்டுகள் வெற்றி வித்தியாசத்தைத் தாண்டுகின்றன என்றால் வழக்குக்கு வழி இருக்கிறது. வேட்பாளர்தான் போட வேண்டும் என்றில்லை, அந்தத் தொகுதி வாக்காளர் யாரும் போடலாம். டெபாசிட் 2,000 ரூபாய்தான், வக்கீல் செலவு தனி. காலம்தான் இழுக்கும். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் பக்கத்துக் கொளத்தூரில் 2011 தேர்தலை எதிர்த்து தோற்ற வேட்பாளர் சைதை துரைசாமி போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2017-ல், அதற்குள் அடுத்த தேர்தலே முடிந்துவிட்டது. 2016-ல் 49 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்த ராதாபுரம் தொகுதியில், தபால் ஓட்டுகளை நிராகரித்தது தவறு என்று குறிப்பாகக் காட்டியதால் 2019-ல் மறு எண்ணிக்கைக்கு உத்தரவு கிடைத்தது. ஆனால் அதன் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

இதற்கு மேலும் ஆர்ப்பாட்டம் நடத்தத்தான் வேண்டுமென்றால், சென்னை நகரக் காவல் சட்டம் 41-வது பிரிவுப்படி ஐந்து நாள் முன்னதாக அனுமதி கேட்டு எழுதுங்கள். அந்த ஐந்து நாளில் எத்தனை பூத்தின் தாள் கைக்கு வருகிறது என்று பாருங்கள். வந்ததை எடுத்துக்கொண்டு, வட்டம் போட்ட தேதிக்குப் பத்து நாளாவது மிச்சம் இருக்கும்போது வக்கீலிடம் வாருங்கள். எதிர்த்தரப்பு ஒவ்வொருவருக்கும் மனுதாரர் கையெழுத்திட்ட நகல் தயாரிக்கவே இரண்டு நாள் ஆகும், அதில் தப்பு நடந்தால் மனு விசாரணைக்கே வராது.