பிரித்து வைக்கும் மெனு: எந்த வழி ஏற்றது?

கேள்வி: படம் வரைவதற்கான மென்பொருள் ஒன்றை எழுதி வருகிறேன். பயன்படுத்துவோர் ஒரே மெனுவை மீண்டும் மீண்டும் திறக்க வேண்டியிருப்பதால், அதை மெனுப் பட்டையிலிருந்து பிரித்துத் திரையில் தனியாக வைத்துக்கொள்ளும் வசதியைத் தர எண்ணுகிறேன். இதற்கான வழிமுறைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: பலரும் முதலில் யோசிப்பது மெனுவை எப்படிப் பிரிக்கச் செய்வது என்பதைத்தான். 1987இல் வெளிவந்த, ஆப்பிளின் ஹைப்பர்கார்டு மென்பொருளில் கருவிகள் மெனுவை இழுத்தே தனியாக வைக்க முடிந்தது. 1989இல் வந்த நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளத்தில் துணை மெனுவின் தலைப்பைப் பிடித்து இழுத்தால் போதும். யூனிக்ஸ் கணினிகளுக்கான ஓப்பன் லுக் இடைமுகத்தில் குண்டூசிப் படம் ஒன்று இருந்தது, மெனு, பொத்தான் போன்றவற்றை அமைக்க உதவும் நிரல் தொகுப்புகளான மோட்டிஃபிலும் டி.கே.யிலும் (Tk) மெனுவின் உச்சியில் விட்டுவிட்டு வரையப்பட்ட கோடு. இவற்றுள் தலைப்பைப் பிடித்து இழுப்பதையே நான் பரிந்துரைப்பேன். கோடு மெனுவில் ஒரு வரியையே எடுத்துக்கொள்வதால் கை தவறி அதை அழுத்திவிட நேர்கிறது, டி.கே.யில் அந்தக் கோடே 0ஆவது உறுப்பாக எண்ணப்படுவதால் நிரல் எழுதுபவரின் வரிசை எண்களும் ஒன்று தள்ளிப்போகின்றன.

ஆனால் உங்கள் உழைப்பு பெரும்பாலும் செல்ல வேண்டிய இடம் வேறு. பிரிந்து நிற்கும் மெனுவும் பட்டையில் இருக்கும் மெனுவும் ஒன்றேதானா, இரண்டா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மோட்டிஃப், வரிகள் அடங்கிய மெனுப் பலகையையே புதிய ஜன்னலுக்குப் பெயர்த்து வைக்கிறது. இதில் நினைவகம் மிச்சமாகும் என்றாலும், அதே மெனுவைப் பயனர் பட்டையிலிருந்து மறுபடி திறக்கும்போது ஒரே பலகையை இரண்டு இடங்களில் காட்ட வேண்டிய நெருக்கடி எழுகிறது. டி.கே. நகலெடுக்கிறது, மூல மெனுவில் செய்யும் மாற்றம் நகலிலும் தானாகவே எதிரொலிக்கும்படி அதைப் பிணைத்தும் வைக்கிறது. அதே போன்ற இன்னொரு தொகுப்பான க்யூட்டியில் (Qt) ஒரே கட்டளைப் பொருளை (ஆப்ஜெக்ட்) பல மெனுக்களிலும் கருவிப் பட்டைகளிலும் சேர்க்கலாம். அதன் நிலை மாறினால் அது தோன்றும் எல்லா இடங்களிலும் மாறும். மூன்றாவது வழியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. பகிரப்பட வேண்டியது கட்டளையே, பலகை அன்று.

காரணத்தை ஓர் எடுத்துக்காட்டில் பாருங்கள். 'ஒட்டு' என்ற வரி, நகலெடுத்தது எதுவும் இல்லாதபோது மங்கலாக இருக்க வேண்டும். மெனு திறக்கப்படும் கணத்தில் மட்டும் இந்த நிலையைச் சரிபார்த்து எழுதுவது பரவலான பழக்கம், டி.கே.யின் 'போஸ்ட்கமாண்ட்', க்யூட்டியின் 'அபவுட்-டு-ஷோ' இரண்டும் இதற்கே பயன்படுகின்றன. பிரித்து வைத்த மெனுவோ ஏற்கெனவே திறந்தே இருப்பது. அதற்குத் திறக்கும் கணம் என்று மறுபடி ஒன்று வராது. ஆகவே பயனர் ஒரு படத்தை நகலெடுத்த பின்னும் மிதக்கும் மெனுவில் 'ஒட்டு' மங்கியே கிடக்கும், அவரும் அழுத்திப் பார்த்துவிட்டு மென்பொருள் பழுதென்றே நினைப்பார். நிலை மாறும் இடத்திலேயே கட்டளையைப் புதுப்பித்துவிட்டால் இந்தத் தொல்லை எழாது.

அடுத்து ஜன்னல். சாதாரண மெனு சுட்டியைத் தன் பிடியில் வைத்திருந்து, வெளியே அழுத்தியதும் மறைந்துவிடும். லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11 அமைப்பில், அது ஜன்னல்களின் இடத்தையும் சட்டத்தையும் கவனிக்கும் நிரலான ஜன்னல் மேலாளரின் கட்டுப்பாட்டுக்கே வராது. பிரித்த மெனு அந்தப் பிடியை விட்டுவிட்டு, மேலாளருக்குக் கட்டுப்பட்ட, முதன்மை ஜன்னலைச் சார்ந்த சிறு ஜன்னலாக மாற வேண்டும். இத்தகைய மெனுக்களுக்கென்றே ஒரு தனி ஜன்னல் வகையும் அங்கு வரையறுக்கப்பட்டுள்ளது.

கேள்வி: எக்ஸ்11க்கு மாற்றாக வந்துள்ள வேலண்டிலும் இதே முறை செல்லுமா?

பதில்: முழுமையாகச் செல்லாது. வேலண்டில் ஒரு மென்பொருள் தன் தனித்து நிற்கும் ஜன்னல் திரையில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தானே சொல்ல முடியாது. எனவே பிரித்த மெனுவைச் சென்ற முறை இருந்த இடத்திலேயே வைக்கும் வாக்குறுதியைப் பயனருக்குத் தராதீர்கள். ஜி.டி.கே. (GTK) என்ற நிரல் தொகுப்போ மெனுவைப் பிரித்து வைக்கும் வசதியையே 3.4 பதிப்பில் கைவிடத்தக்கதாக அறிவித்து, 4இல் நீக்கியும்விட்டது. ஜி.டி.கே. 4ஐப் பயன்படுத்துவீர்களானால், அதே கட்டளைகளைக் கொண்ட ஒரு சிறு ஜன்னலை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.