சின்ன டிஜிட்டல் கேமராவில் பட்டனை அமுக்கியும் படம் தாமதமாக விழுவது, கலங்கி வருவது ஏன்?

ஷட்டர் பட்டனுக்கு இரண்டு கட்டம் உண்டு. பாதி அழுத்தினால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும்; முழுசாக அழுத்தினால்தான் படம். ஒரே மூச்சில் அமுக்கினால் கேமரா அப்போதுதான் ஃபோகஸைத் தேடத் தொடங்கும், அதற்குள் குழந்தை முகத்தைத் திருப்பியிருக்கும். பாதி அழுத்தி, திரையில் பச்சைக் கட்டம் வரும்வரை விரலை அப்படியே வையுங்கள். வராமல் மினுக்கினால் ஒன்று ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள், இல்லையென்றால் வெற்றுச் சுவர் போலப் பிடிமானம் இல்லாத இடத்தைக் குறிவைக்கிறீர்கள். அதே தூரத்தில் இருக்கும் ஏதாவது விளிம்பில் பூட்டி, விரலை எடுக்காமல் கேமராவைத் திருப்புங்கள்.

பின்பக்க வட்டப் பட்டனையும் பாருங்கள். பூப் படம் போட்ட பக்கம் மேக்ரோ, அதாவது ரொம்பக் கிட்டே இருக்கும் பொருளைப் படமெடுக்கும் முறை. கைபட்டு அது ஆன் ஆகிவிட்டால் சில மாடல்களில் தூரத்துக் காட்சி தெளியவே தெளியாது.

கலங்கலுக்குப் பெரும்பாலும் ஜூம்தான் காரணம். முழுக்க இழுத்தால் எஃப் 3 அளவில் இருந்த அப்பெர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரம்) எஃப் 6 வரை சுருங்கலாம்; எஃப் எண் கூடினால் துவாரம் சின்னதாகிறது என்று அர்த்தம். உள்ளே வரும் வெளிச்சம் கால்வாசிதான். அதை ஈடுகட்ட ஷட்டர் வேகம் குறைந்து, அதாவது ஷட்டர் அதிக நேரம் திறந்திருந்து, கை ஆட்டம் பதியும். அறைக்குள் ஜூமை விட்டுவிட்டு நீங்களே நாலு எட்டு கிட்டே போங்கள். டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணைத்தே விடலாம், அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதோடு சரி.