எல்லாமே ‘பொறாமை’தானா?

கேள்வி: சிறுகதை எழுதிப் பழகுகிறேன். சக ஊழியனின் பதவி உயர்வு, தங்கையின் புது வீடு, மனைவி இன்னொருவரோடு சிரித்துப் பேசுவது என்று எல்லாவற்றுக்கும் ‘பொறாமைப்பட்டான்’ என்றே எழுதிவிடுகிறேன். பொருத்தமான சொல்லை எப்படிப் பிடிப்பது?

பதில்: அகராதியைத் திறக்கும் முன், பாத்திரம் மனசுக்குள் முணுமுணுக்கும் ஒரு வரியை எழுதிப் பாருங்கள். பதவி உயர்வையே எடுத்துக்கொள்வோம். ‘எனக்கும் கிடைக்கணும்’ என்றால் ஏக்கம். ‘எனக்குக் கிடைக்கலையே’ என்றால் ஆதங்கம். ‘அவனுக்குக் கிடைச்சிடுச்சே’ என்று புலம்பல் அடுத்தவன் பக்கம் திரும்பும்போதுதான் அது பொறாமை. ‘பொறு’ என்ற வினையின் எதிர்மறை அது. தனக்கு அந்தப் பதவி வேண்டாதவனுக்கும் பொறாமை வரும்.

திருக்குறள் இந்தப் பிரிவை அதிகார அளவிலேயே செய்துவிட்டது. அடுத்தவன் ஆக்கம் பொறுக்காதது 17ஆம் அதிகாரமான அழுக்காறாமையில். அடுத்தவன் பொருளை விரும்புவது 18ஆம் அதிகாரமான வெஃகாமையில். ‘அழுக்காறு’ இன்று மேடைப் பேச்சில் எடுபடும், உரையாடலில் ஒட்டாது. அந்த நாளைய சொல்லில் பொச்சாப்பு என்றும் ஒன்று உண்டு. அதற்கு மறதி என்று பொருள். பொறாமையைக் குறிக்கும் பேச்சுவழக்குப் ‘பொச்சரிப்’போடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

‘அவனுக்கு எப்படிக் கிடைச்சதுன்னு ஊருக்கே தெரியுமே’ என்று குறை தேடத் தொடங்கினால் அசூயை. நல்லதிலும் நொட்டை சொல்வது இதன் தனிக்குணம். இப்போது பலர் ‘சாக்கடையைப் பார்க்க அசூயையாக இருந்தது’ என்று எழுதுகிறார்கள். அங்கே வர வேண்டியது அருவருப்பு. மாச்சரியமும் இடம் மாறிவிட்டது: பழைய பொருள் பொறாமைதான், ஆனால் ‘கட்சி மாச்சரியங்களை மறந்து’ என்னும்போது பகைமையே காதில் விழுகிறது. தனிமனிதப் பொறாமைக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

தங்கையின் வீட்டுக்கு வயிற்றெரிச்சல் சரியாகப் பொருந்தும். நெருங்கியவர்களுக்குள் வருவதை அந்தச் சொல் நன்றாகத் தாங்கும். ‘வீடு கட்டினதுலேர்ந்து அவளுக்கு ஒரே வயித்தெரிச்சல்’ என்றால் பொறாமை. ‘என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதே’ என்றாலோ, பாதிக்கப்பட்டவரின் குமுறல், கிட்டத்தட்ட சாபம். யார் வாயிலிருந்து வருகிறது என்பதை முந்தைய வரியிலேயே தெளிவாக்குங்கள். வெறும் ‘எரிச்சல்’ என்று சுருக்கினால் பலருக்குச் சிடுசிடுப்பாகத்தான் படும். ‘கண் வைப்பது’ம் இரட்டைப் பொருள் கொண்டது: ‘என் நாற்காலி மேல கண் வெச்சிருக்கான்’ என்பது ஆசை, ‘குழந்தை மேல கண்ணு வெச்சுட்டா’ என்பது கண்ணேறு.

மூன்றாவது சூழல்தான் கடினம். தன்னுடையது கைநழுவுமோ என்ற பயம் அது. அடுத்தவனிடம் இருப்பதைப் பார்த்து வருவதல்ல. இதற்குத் தனியாக ஒரு சொல் அன்றாடத் தமிழில் நிலைக்கவில்லை. அதனால்தான் ‘ரொம்ப பொசசிவ்’ பேச்சில் புகுந்துகொண்டது. இளம் பாத்திரத்தின் உரையாடலில் தாராளமாக வைக்கலாம். மனைவியின் போனை எடுத்துப் பார்க்கும் அளவுக்குப் போனால் சந்தேகம் என்றே எழுதுங்கள். அழகுக்காக ஊடல் என்று போடாதீர்கள். ஊடலில் சமாதானம் ஆகிவிடும் என்ற நம்பிக்கை உள்ளே இருக்கும். புலவி அதன் இளம் பருவம், துனி முற்றிய சண்டை.

சொல்லே சிக்காவிட்டால் செயலைக் காட்டிவிடலாம். திருக்குறளின் ‘புலவி நுணுக்கம்’ அதிகாரத்தில் காதலன் தும்முகிறான், காதலி வாழ்த்துகிறாள். மறுகணமே ‘யாரை நினைத்துத் தும்மினீர்?’ என்று அழுகிறாள். அந்தக் குறளில் பொறாமை என்ற சொல்லே கிடையாது.