நட்சத்திரம் கட்டாத வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் சபை வாலிபர் சங்கத்தில் இந்த வருடம் நான்தான் செயலாளர். டிசம்பர் இரண்டாவது வாரம் கேரல் ரவுண்ட்ஸ், அதாவது வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவது, ஆரம்பிக்கிறோம். லோடு ஆட்டோவில் கீபோர்டு, ட்ரம்ஸ், ஸ்பீக்கர் எல்லாம் கட்டிக்கொண்டு போவதா, இல்லை பழையபடி ஒரு டிரம்மோடு நடந்தே போவதா என்று பெரியவர்களுக்கும் எங்களுக்கும் பெரிய சண்டை. ராத்திரி இரண்டு மணிக்கு வந்து எழுப்புகிறீர்கள் என்று போன வருடம் பக்கத்துத் தெருவில் சத்தம் போட்டார்கள். பையன்கள் சினிமா மெட்டில் பாட்டு வேண்டும், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் ஆட வேண்டும் என்கிறார்கள். வசூல் குறைந்தால் கமிட்டியில் கேள்வி கேட்கிறார்கள். இந்த வருடம் ஊரில் துக்க வீடுகள் கொஞ்சம் அதிகம், அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டோம், அதனால் ஒரு ராத்திரி மிச்சம். உண்மையிலேயே கேட்கிறேன் அக்கா, இந்தக் காலத்தில் கேரல் ரவுண்ட்ஸ் தேவைதானா? வாட்ஸாப்பில் வாழ்த்து அனுப்பினால் போதாதா?

(பெயர் வேண்டாம்)
பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000ஆம் வருடத்து ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது, அதனால் ஸ்பீக்கர் சண்டை அதோடு தீர்ந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் கைக்குழந்தையும் எல்லாத் தெருவிலும் உண்டு, அவர்கள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு சமாதானம் என்று பாடுவதில் ஒன்றுமில்லை. சாயங்காலமே கிளம்பு, ஒன்பதரைக்கு முடி. சினிமா மெட்டு எனக்குப் பிடிக்காது, ஆனால் அது உங்கள் வயசு, உங்கள் பாடு. தாத்தா ஆடட்டும், சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் சந்தோஷம். வசூல் பற்றிக் கேட்கிற கமிட்டிக்கு நீ பதில் சொல்லிக்கொள், அதில் நான் தலையிட மாட்டேன்.

இப்போது நீ போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அந்த ஒரு வரிக்கு வருகிறேன். துக்க வீடுகளை லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டோம், ஒரு ராத்திரி மிச்சம். இதை எழுதும்போது உன் கை கொஞ்சமாவது தயங்கியதா? ஐப்பசியில் என் சிநேகிதி ஒருத்தி வீட்டுக்காரரைப் பறிகொடுத்தாள். கடைகளில் காகித ஸ்டார் தொங்கவிட ஆரம்பித்த நாளிலிருந்து அவள் நினைப்பாகவேதான் இருக்கிறேன், அந்தச் சமயத்தில் உன் கடிதம் வந்தது. அதனால் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படி.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டில் முதல் வருடம் பண்டிகை கிடையாது. ஸ்டார் கட்ட மாட்டார்கள், புதுத்துணி எடுக்க மாட்டார்கள், அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. வழக்கத்தின் இந்தப் பாதி எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர்கள் சுடக் கூடாது, ஆனால் நாம் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்ற மறுபாதிதான் மறந்துபோகிறது. முன்பெல்லாம் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் முதலில் எடுத்து வைப்பது அந்த வீட்டுக்குத்தான். எங்கள் தெருவில் இந்து வீட்டு அத்தைமார்கூட அந்த முறை தெரிந்து நடந்துகொண்டார்கள், தங்கள் வீட்டு தீபாவளியை விட்டுக் கொடுத்த வருடத்தில் நாம் அதிரசம் கொண்டுபோனதை அவர்கள் மறக்கவில்லை. அந்த வீட்டை மற்ற வீடுகள் தாங்கிப் பிடிப்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. நீங்கள் அதை வைத்தே அந்த வீட்டை ஒதுக்கி வைக்கிறீர்கள்.

எங்கள் அப்பா இறந்த வருடம் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மார்கழிப் பனி, தேரிக்காட்டுப் பக்கத்து ஊர், மணல் தெரு. கேரல் எங்கள் தெருவுக்கு வருகிற அன்று அம்மா சாயங்காலமே தலைக்குக் குளித்து, மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டாள். ஸ்டார் பரணில் அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி வைத்தபடியே கிடந்தது, அதைத் தொடவில்லை. ஆனால் பாட வருகிறவர்களுக்கென்று பெரிய அலுமினியப் பாத்திரத்தில் கருப்பட்டிக் காப்பி போட்டு, சுக்கு தட்டிப்போட்டு, ஆறாமல் இருக்கக் கங்கின் மேல் வைத்திருந்தாள். ஒரு கவரில் ரூபாயை வைத்து ‘பாடகர் குழுவுக்கு’ என்று எழுதி ஒட்டினாள். அவளுக்கு எழுத்து அவ்வளவாக வராது, ழகரத்தை ஒரு தரம் அடித்துத் திருத்தியிருந்தாள்.

கீழத்தெருவில் டிரம் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வீடாக நின்று நின்று வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தெரு முனையில் சத்தம் நின்றது. அப்புறம் மணலில் செருப்புச் சத்தம் மட்டும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வந்து சுவரில் நகர்ந்து போனது. “சத்தம் போடாதீங்கடே, துக்க வீடு” என்று ஒருவர் அடங்கின குரலில் சொன்னது தெளிவாகக் கேட்டது. மூன்று வீடு தள்ளி டிரம் மறுபடி தொடங்கியது. அம்மா கதவுக்குப் பின்னால் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் நின்றவள்தான். “உங்கப்பா இருந்தா வந்திருப்பாவ” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். காப்பியை நானும் தம்பியும் குடித்தோம், மீதியை மறுநாள் சூடு பண்ணிக் குடித்தோம்.

அந்த ஆட்கள் கெட்டவர்கள் இல்லை தம்பி. மரியாதைக்காகத்தான் சத்தத்தை நிறுத்தினார்கள். நீயும் மரியாதை என்று நினைத்துத்தான் லிஸ்டில் கோடு போட்டிருக்கிறாய். ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு அது மரியாதையாகத் தெரியாது. அந்த வீட்டில் ஆம்பிளை போய்விட்டான், அதோடு வீட்டின் பெயரும் சபையின் நோட்டிலிருந்து போய்விட்டது என்றுதான் தெரியும். தொந்தரவு என்று யார் உன்னிடம் சொன்னது? அந்த அம்மாவிடம் கேட்டாயா? கேட்காமலே முடிவு செய்துவிட்டு அதற்கு இரக்கம் என்று பெயர் வைக்காதே. பார்த்துப் பேச உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது, என்ன பேசுவது என்று தெரியவில்லை, அதுதான் உண்மை. அதைச் சொன்னால் நான் புரிந்துகொள்வேன்.

கிறிஸ்துமஸ் சந்தோஷப் பண்டிகை, அழுகிற வீட்டில் போய் எப்படிப் பாடுவது என்று பையன்கள் கேட்பார்கள். மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை எடுத்து அவர்களுக்குப் படித்துக் காட்டு. குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் வந்து பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் வைத்த அதே அதிகாரத்தில்தான் ஏரோது ராஜா பெத்லகேமின் ஆண்பிள்ளைகளைக் கொல்லுகிறான், தன் பிள்ளைகளுக்காக அழுகிற ராகேலை யாரும் தேற்ற முடியவில்லை என்று வருகிறது. சாஸ்திரிகளை நாம் ஒவ்வொரு வருடமும் நாடகத்தில் கொண்டுவருகிறோம், போர்வையும் தாடியும் ஒட்டி, கையில் ஜிகினாப் பெட்டி கொடுத்து. அந்தத் தாய்மாரை எந்த நாடகத்திலாவது பார்த்திருக்கிறாயா? அந்தப் பிள்ளைகளுக்காகச் சபையின் காலண்டரில் டிசம்பர் 28 என்று ஒரு நாள் இருக்கிறது, ஆனால் அதற்குள் நாமெல்லாம் புதுவருட ஆராதனைக்குத் தயாராகிவிடுகிறோம். இந்த வாரங்களில் கோயிலில் பீடத்துக்கு என்ன நிறத்தில் துணி போட்டிருக்கிறார்கள் என்று பார். ஊதா. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களுக்குப் போடுகிற அதே ஊதா. கிறிஸ்துமஸுக்கு முந்தின இந்த அட்வென்ட் கொண்டாட்டக் காலமே இல்லை, இருட்டில் உட்கார்ந்து காத்திருக்கிறவர்களின் காலம் அது, அப்படிப் பார்த்தால் துக்க வீட்டைத் தவிர வேறு யார் வீட்டுக்கு முதலில் போவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கோயிலில் கேரல் சர்வீஸ் நடத்துவீர்கள் இல்லையா, ஒன்பது வேத பாடம், நடுநடுவே பாட்டு என்று. அந்த ஆராதனை 1880இல் இங்கிலாந்தில் ட்ரூரோ என்ற ஊரில் தொடங்கியது. ஆனால் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது கேம்பிரிட்ஜில் இருக்கிற கிங்ஸ் காலேஜ் தேவாலயம், அங்கே அது முதலில் நடந்தது 1918 டிசம்பர் 24. அந்தத் தேதியைக் கவனி. முதல் உலகப் போர் முடிந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அதை ஒழுங்குபடுத்திய எரிக் மில்னர்-ஒயிட் போர்முனையில் ராணுவ குருவானவராக இருந்துவிட்டுத் திரும்பியவர். அந்தக் காலேஜிலிருந்து போருக்குப் போன எத்தனையோ பையன்கள் திரும்பி வரவில்லை. அந்தத் தொடக்க ஜெபத்தில் அவர் ஏழைகளையும் நோயாளிகளையும் துக்கப்படுகிறவர்களையும் சேர்த்தார், நம்மோடு சேர்ந்து மகிழ்கிறவர்கள், ஆனால் வேறொரு கரையில், இதைவிடப் பெரிய வெளிச்சத்தில் இருக்கிறவர்கள் என்று இறந்தவர்களையும் நினைக்கச் சொன்னார். இன்றைக்கும் அங்கே அந்த ஜெபம் வாசிக்கப்படுகிறது. அதாவது நீங்கள் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு செய்கிற இந்த ஆராதனை சாவு வீடுகளால் நிறைந்திருந்த ஒரு தேசத்தில் உருவாகி வந்தது. சாவு வீட்டுக்காரர்களை முன்னால் உட்கார வைத்துக்கொண்டுதான் அவர்கள் பாடியிருப்பார்கள், வேறு யார் இருந்தார்கள் அங்கே?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று குமரிக் கடற்கரை முழுக்க அந்த டிசம்பரில் பண்டிகை இல்லை. கடலுக்குப் போனவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாமல் பெண்கள் கோயில் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 2023இல் டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது, பண்டிகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பலகாரத்துக்கு இடித்து வைத்த மாவெல்லாம் சேறாகிப்போனது. உனக்கு ஞாபகம் இருக்கும், நீயும் அரிசி மூட்டை சுமந்திருப்பாய் என்று நினைக்கிறேன், உங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லோரும் சுமந்தார்கள். அன்றைக்கு யாராவது, இவர்கள் துக்கத்தில் இருக்கிறார்கள், போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றா சொன்னார்கள்? இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனீர்கள். ஊருக்கே துக்கம் வந்தால் போகத் தெரிகிறது, ஒரு வீட்டில் மட்டும் வந்தால் ஏன் தெரியாமல் போகிறது?

வாட்ஸாப் வாழ்த்து போதாதா என்று கேட்டிருந்தாய். போதுமான வீடுகளுக்கு அனுப்பு. பிள்ளைகுட்டிகளோடு, சொந்தக்காரர் வந்து போய், வாசலில் சீரியல் செட் மினுங்குகிற வீட்டுக்கு நீ வந்தாலும் வராவிட்டாலும் பண்டிகை நடக்கும்.

ஆனால் லிஸ்டை எடுத்துத் திருப்பி எழுது. அடித்துவிட்ட வீடுகளை மேலே எழுது, மிச்சம் பிடித்த அந்த ராத்திரியை அவர்களுக்கே கொடு. டிரம் வேண்டாம், ஆட்டோ வேண்டாம், தாத்தாவை அன்றைக்கு வீட்டில் விட்டுவிடு. பாடத் தெரிந்த ஆறேழு பேர் போதும், ரெண்டு பெண்பிள்ளைகளும் கூட வரட்டும், உள்ளே போய் உட்கார அவர்களால்தான் முடியும். முந்தின நாளே நேரில் போய், “நாளைக்கு வாறோம், பாடலாமா?” என்று கேள். வேண்டாம் என்று சொன்னால் சரி, பாடாதே, சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வா. பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அங்கே போய் தேவசித்தம், நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறார் என்றெல்லாம் பிரசங்கம் பண்ணாதே, கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்திருக்கும். செத்தவரின் பேரைச் சொல்லிப் பேசு. அவருக்குப் பிடித்த கீர்த்தனை எது என்று கேட்டு அதைப் பாடு, மார்கழிக்குச் சம்பந்தமில்லாத பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை. பாடும்போது அழுதார்கள் என்றால் பாட்டை நிறுத்திவிடாதே, பாடி முடி. காப்பி கொடுத்தால் கட்டாயம் குடி. கவர் கொடுத்தால், இருக்கட்டும்மா உங்களிடம் வாங்க மாட்டோம் என்று பெருந்தன்மை காட்டாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள், ரசீதில் அந்த அம்மாவின் பேரையே எழுது.

நீ செயலாளர், இதையெல்லாம் செய்ய உன்னால் முடியும். கமிட்டி ஏதாவது சொன்னால் எனக்கு எழுது, அவர்களுக்கும் ஒரு கடிதம் போடுகிறேன். ட்ரம்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை மற்ற வீடுகளுக்கு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா