பிடித்த இயர்போனின் ஒலியே பெரிய ஹெட்போனிலும் வேண்டும் என்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

நாலு வருஷமாக ஒரே இயர்போனில் கேட்டுப் பழகிவிட்டது, அதே ஒலி வருகிற மாதிரி காதை முழுசாக மூடும் ஹெட்போன் எது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் போக மனசு வரவில்லை. இதே தேடலில் 14,500 ரூபாயைத் தொலைத்தவன் நான்.

உங்களுக்கும் காதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை பாண்டிச்சேரியில். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், முழுக்க பஸ்ஸில். அந்த இரண்டு மணி நேரமும் காதுக்குள் இயர்போனின் ரப்பர் முனை அடைத்துக்கொண்டிருக்கும். வேர்வை, கடலோர ஈரக்காற்று எல்லாம் சேர்ந்து போன சித்திரையில் வலது காதில் அரிப்பு வந்தது, பிறகு நீர் வடிந்தது. டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "காதுக்குழாயில புண்ணு. மூணு மாசத்துக்கு உள்ள எதையும் செருகாதீங்க. பாட்டு கேட்டே ஆகணும்னா வெளிய மூடுற மாதிரி ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார்.

வாங்கினேன். என் இயர்போன் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியின் பெரிய ஹெட்போனையே வாங்கினேன். ஒரே வீட்டுப் பிள்ளைகள், குரலும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். விமர்சனங்களிலும் இரண்டையும் பற்றி ஒரே மாதிரிதான் எழுதியிருந்தார்கள்: பேஸ், அதாவது அடிமட்டக் கனத்த ஒலி, நன்றாக இருக்கிறது, குரல் இதமாக இருக்கிறது. கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அது மோசமான பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தேவையான பொருள் அது இல்லை, அவ்வளவுதான்.

என்னிடம் ஒரு பதிவு இருக்கிறது. என் தாய்மாமா தவில் வாசிப்பவர், வீடு திருப்பாதிரிப்புலியூரில். 2019இல் ஒரு சாயங்காலம் அவரும் ஒரு நாதஸ்வரக்காரரும் திண்ணையில் உட்கார்ந்து சாதகம் பண்ணியதைப் போனில் பிடித்து வைத்தேன், 14 நிமிஷம். காதில் மாட்ட எது கிடைத்தாலும் முதலில் அதைத்தான் ஓட்டிப் பார்ப்பேன். 40ஆவது வினாடியில் நாதஸ்வரக்காரர் மூச்சை இழுப்பது கேட்கும். நாதஸ்வரத்தின் ஊதும் முனையான சீவாளி உதட்டில் ஒட்டிப் பிரிகிற சின்னச் சத்தம் கேட்கும். உடனே மாமா தவிலின் இடது முகமான தொப்பியில் குச்சியால் ஓர் அடி போடுவார். இயர்போனில் அந்த அடி தொண்டைக்குழி வரைக்கும் இறங்கும். வலது முகமான வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் படும்போது கல்கண்டைக் கடித்த மாதிரி இருக்கும். அதே இயர்போனை மாமா காதில் மாட்டி அந்தப் பதிவைப் போட்டபோது அவர் சொன்ன முதல் வார்த்தை: "தொப்பிப் பக்கம் வார் தளர்ந்திருக்கு மாப்ள, அன்னைக்கு நான் கவனிக்கல." அவர் இன்னும் தோல் வார் இழுத்துக் கட்டிய தவில்தான் வாசிக்கிறார், போல்ட் போட்டது இல்லை.

புது ஹெட்போனில் அந்தக் குச்சி அடி எதிர்வீட்டில் விழுந்தது. மூச்சு காணாமல் போய்விட்டது. விரல் கூட்டின் சத்தம் மட்டும் முன்னால் வந்து குத்தியது. ரெண்டு வாரம் கேட்டால் பழகிவிடும் என்றார்கள், கேட்டேன், பழகவில்லை. விற்றவரிடம் பேசினால், காதில் படுகிற பொருள், பழுது இருந்தால் தவிரத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று முடித்துவிட்டார். பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

பிறகு முத்தியால்பேட்டையில் ஒரு அண்ணனைப் பார்த்தேன். வீட்டு மாடியில் சின்ன ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கிறார். எனக்குப் புரிந்தது எல்லாம் அவரிடம் உட்கார்ந்து கேட்ட பிறகுதான்.

இயர்போன் காதுக்குழாயை அடைத்துவிடுகிறது. செவிப்பறைக்கும் அதற்கும் நடுவில் துளியூண்டு காற்றுதான். சின்ன தகடு லேசாக அசைந்தாலே அந்தக் காற்று அழுந்தும், அதனால் 20, 30 ஹெர்ட்ஸ் என்கிற ஆகக் கீழான ஒலி வரைக்கும் பேஸ் குறையாமல் வரும். பெரிய ஹெட்போன் காது மடலைச் சுற்றி உட்காருகிறது. உள்ளே காற்று அதிகம், ஓரத்தில் கசிவும் அதிகம். பின்பக்கம் திறந்த வகையாக இருந்தால் முன்னால் வரும் அலையும் பின்னால் வரும் அலையும் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அடிமட்ட பேஸ்தான் முதலில் போகும். இது விலையோடு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. 1997இல் வந்து இன்றுவரை ஸ்டுடியோக்களில் மதிக்கப்படுகிற சென்ஹைசர் எச்டி 600கூட திறந்த வகைதான். குரலும் நாதஸ்வரமும் அதில் அவ்வளவு இயல்பாக இருக்கும். ஆனால் தொப்பி அடியின் கடைசி ஆழத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்தது காது மடல். வெறும் காதுக்கு 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இயற்கையாகவே ஒரு தூக்கல் உண்டு, காதுக்குழாயின் நீளத்தால் வருவது. இயர்போன் குழாயை அடைத்ததும் அது மாறிவிடுகிறது, மடலுக்கும் வேலை இல்லாமல் போகிறது. அதனால் செய்பவர்கள் ஒரு சராசரிக் காதை நினைத்து அந்தத் தூக்கலை இயர்போனிலேயே வைத்துவிடுகிறார்கள். பெரிய ஹெட்போனில் உங்கள் சொந்தக் குழாயும் மடலும்தான் அதைச் செய்கின்றன. என் மடல் வேறு, உங்கள் மடல் வேறு. "எனக்கு ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி கேட்குது" என்று ஒருவர் எழுதினால் அது அவர் காதுக்கு உண்மை, உங்களுக்கும் உண்மையாக வேண்டும் என்று இல்லை.

எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று காட்டும் அளவு வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, பார்த்திருப்பீர்கள். இயர்போன் கோட்டையும் ஹெட்போன் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்காதீர்கள், நான் வைத்துப் பார்த்து ஏமாந்தேன். இயர்போனை ஒரு சின்னச் செயற்கைக் குழாயில் வைத்து அளப்பார்கள், ஹெட்போனை மடல் வைத்த செயற்கைக் காதில் அளப்பார்கள். இரண்டு தராசு. ஒலி இப்படி இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கும் என்று ஒவ்வொரு வகைக்கும் ஓர் இலக்குக் கோடு உண்டு. இயர்போன் தன் வகைக்கான இலக்குக் கோட்டிலிருந்து எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹெட்போனில் அதே மாதிரி ஏறி இறங்குவதைத் தேடுங்கள். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஒலிவ் குழுவினர் 2013 முதல் ஆட்களை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லி இந்த இலக்குக் கோடுகளை வகுத்தார்கள். இயர்போனில் மக்கள் விரும்பிய பேஸ் பெரிய ஹெட்போனில் விரும்பியதைவிட அதிகம் என்பது அதில் தெரிந்தது. ஆக இரண்டுமே தத்தம் இலக்கை ஒட்டியே இருந்தாலும், இயர்போனிலிருந்து வருகிறவருக்கு ஹெட்போனில் கீழே கொஞ்சம் காலியாகத்தான் இருக்கும்.

ஆடியோ தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு, ஒலியைப் பெருக்கும் ஆம்ப் ஒன்று வாங்கியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பார்கள். மின்தடை அதிகமான 300 ஓம் ஹெட்போனை நேராகப் போனில் செருகினால் சத்தம் பத்தாமல் போகலாம், அதற்கு ஆம்ப் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். என்னுடையது 32 ஓம். போனிலேயே சத்தம் காதைப் பிளந்தது. குறை ஒலியின் குணத்தில் இருந்தது, சத்தத்தில் இல்லை.

சத்தம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காது சரியாகும்வரை மூன்று மாதம் பஸ்ஸில் வெறும் காதோடு போனேன். தவளக்குப்பம், அரியாங்குப்பம் எல்லாம் தாண்டுவதற்குள் அந்த ஏர் ஹாரனை எத்தனை முறை அமுக்குகிறார்கள்! பள்ளிக்கூடம் இருக்கிறது, கைக்குழந்தையோடு ஒரு அம்மா முன் சீட்டில் இருக்கிறார், எதுவும் கணக்கில்லை. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119வது விதி, பல சுரத்தில் அலறுகிற ஹாரனும் காதைக் கிழிக்கிற ஹாரனும் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. டிரைவரிடம் ஒருநாள் கேட்டேன். "அடிக்கலன்னா எவன் சார் வழி விடுறான்" என்றார். உள்ளே ஸ்பீக்கரில் பாட்டு, அதற்கு மேல் நாலு பேர் போனில் ரீல்ஸ். இந்த ஊர்ப் பஸ்ஸில் காதை அடைத்துக்கொள்வதை ஆடம்பரம் என்று சொல்கிறவர்கள் ஒரு வாரம் இந்த ரூட்டில் வந்து பார்க்கட்டும்.

சரி, அண்ணன் ரூமில் சோதனை செய்த விதத்தைச் சொல்கிறேன். அதற்குள் புண் ஆறிவிட்டது, ஐந்து ஐந்து நிமிஷம் இயர்போனை வைக்க டாக்டர் சம்மதித்திருந்தார். முதலில் சத்தத்தைச் சமப்படுத்தினார். சீரான இரைச்சல் ஒன்றை ஓட்டி, இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, ஒரே அளவு என்று தோன்றும்வரை வால்யூமைத் திருகினோம். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் எது கொஞ்சம் சத்தமோ அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். பிறகு மாமாவின் பதிவில் அதே 20 வினாடி. பாட்டு முழுக்கக் கேட்டால் முதலில் கேட்டது மறந்துபோகிறது.

அவரிடம் எச்டி 600, சோனி எம்டிஆர்-7506, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 80 ஓம் மூன்றும் இருந்தன. டிடி 770ஐ வைத்தபோதும் தொப்பி அடி பாதிதான் வந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணாடியைக் கழட்டுங்க" என்றார். கழட்டினேன். அடி இறங்கியது. என் பிளாஸ்டிக் ஃபிரேமின் தடித்த கம்பி, காதுக்கு மேலே பஞ்சைத் தூக்கி ஒரு சந்து விட்டிருக்கிறது, பேஸ் அந்தச் சந்து வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பாதி விலைக்கு விற்ற அந்த ஹெட்போன்மேல் நான் சொன்ன குறையிலும் ஒரு பங்கு இதனால்தான் இருந்திருக்கும். அடர்ந்த கிராப்பு இருந்தாலும் இதே கதைதான்.

வாங்கியது டிடி 770 ப்ரோ, 80 ஓம். மூடிய வகை, வெல்வெட் மாதிரித் துணிப் பஞ்சு. ரெக்சின் பஞ்சு நம் கடலோரத்தில் ரெண்டு கோடைக்குள் உரிய ஆரம்பித்துவிடுகிறது, பஞ்சு போனால் ஒலியும் மாறும். இதன் மேல் ஸ்தாயி தூக்கலானது, எல்லோருக்கும் தெரிந்த குணம். போனில் வேவ்லெட் என்ற செயலியில் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் 4 டெசிபல் குறைத்தேன், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 டெசிபல் ஏற்றினேன். கம்ப்யூட்டரில் என்றால் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம். ஈக்வலைசர் போடுவது ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். ஒலியைச் சரிப்படுத்த மிருதங்கத்தின் இடது முகத்தில் ரவைப் பசை வைப்பதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. கண்ணாடியையும் மெல்லிய கம்பி ஃபிரேமுக்கு மாற்றிவிட்டேன், அதற்கு ஆன 1,800 ரூபாயும் ஹெட்போன் செலவில்தான் சேரும்.

அச்சு அசல் அதே ஒலியா என்றால் இல்லை. இயர்போனில் நாதஸ்வரம் தலைக்குள் இருந்தது, இதில் ஒரு முழம் தள்ளி இருக்கிறது. ஆனால் மூச்சு வந்துவிட்டது, சீவாளி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். குடுமியை ஒதுக்கி மாட்டிவிட்டு, எதுவும் சொல்லாமல் அந்தப் பதிவைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். 40ஆவது வினாடி தாண்டியதும் இடது கை தானாகத் தொடையில் அடித்தது. பாதியில் கழட்டி என் கையில் கொடுத்தார்.

"அந்த வாரை அன்னைக்கே இழுத்துக் கட்டியிருக்கணும் மாப்ள" என்றார்.