லைன் வண்டியை விட்டு உள்ளூர் வேலைக்கு மாறுவது குழந்தைக்கு முன்பா, பின்பா?

குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று நீங்களும் மனைவியும் பேசத் தொடங்கிவிட்டீர்கள், நீங்கள் இப்போது லைன் வண்டி, அதாவது நெடுந்தூர லாரி ஓட்டுகிறீர்கள், குழந்தை பிறக்கும்வரை இதிலேயே சம்பாதித்துச் சேர்த்துவிட்டு அப்புறம் உள்ளூர் வண்டிக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், முன்னாலேயே மாறிவிடுங்கள். முடிந்தால் குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு ஒரு வருடம் முன்னால். நான் அப்படித்தான் மாறினேன், அந்த ஒரு வருடம் முழுவதுமே தேவைப்பட்டது.

உள்ளூர் வண்டி என்றால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். முதல் வருடம் அப்படி இருக்காது. நல்ல ரூட்டும் நல்ல நேரமும் பெரும்பாலும் பழைய ஆட்கள் கையில் இருக்கும், புதிதாகச் சேர்ந்தவருக்கு மிச்சமிருக்கும் ஷிஃப்ட்தான்: விடியற்காலை 3 மணிக்கு வண்டி எடுப்பது, ஞாயிற்றுக்கிழமை வேலை, யாராவது லீவு போட்டால் அவருடைய ரூட். உடம்புக்கும் இது வேறு வேலை. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஒரே சீராக ஓட்டியவர் திடீரென்று நாள் முழுக்க ஏறி இறங்கி, சரக்கு இறக்கி, குறுகலான இடத்தில் ரிவர்ஸ் எடுத்து, ஒவ்வொரு இடத்திலும் ஒருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு முட்டியும் தோளும் பழகவே சில மாதங்கள் ஆயின. இந்தச் சிரமத்தை எல்லாம் குழந்தை வருவதற்கு முன்பே பட்டுத் தீர்த்துவிடலாம் என்பதுதான் என் கட்சி.

ஏனென்றால் பிறந்த குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு எழும். தொடர்ந்து 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று ஆய்வுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். புது வேலை, புது ரூட், அரைத் தூக்கம், பின்னால் பல டன் எடை. இந்த நான்கையும் ஒரே மாதத்தில் சேர்த்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

இதைவிட முக்கியமான ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. நீங்கள் வாரக்கணக்கில் வெளியே இருந்த காலத்தில் உங்கள் மனைவி தனக்கென்று ஓர் ஒழுங்கை அமைத்துக்கொண்டிருப்பார். எப்போது சமைப்பது, யாரோடு பேசுவது, எந்தச் செலவை எப்போது செய்வது எல்லாம் அவர் முடிவு. நீங்கள் வந்து போகிற நாட்களில் இருவருமே கொஞ்சம் விட்டுக்கொடுத்து, சண்டையை ஒத்திப்போட்டு, நல்லபடியாக இருந்திருப்பீர்கள். தினமும் வீட்டுக்கு வர ஆரம்பித்தால் அந்த ஒத்திப்போட்டவை எல்லாம் மேலே வரும். எங்களுக்கு வந்தது. என் மனைவி யாரையும் கேட்காமலேயே செய்து பழகிய காரியங்களில் நான் கருத்துச் சொன்னேன், அவருக்கு அது பிடிக்கவில்லை, எனக்கோ என் வீட்டில் என் இடம் எது என்றே தெரியவில்லை. பேசிப் பேசித்தான் சரியாயிற்று. யார் எதைப் பார்த்துக்கொள்வது என்பது எங்களுக்குள் படிந்த பிறகு குழந்தை வந்ததால், ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுகொண்டு அதை முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

பணம் குறையும், பெரும்பாலும். கிலோமீட்டர் கணக்கிலோ ட்ரிப் கணக்கிலோ வாங்கிய சம்பளம் மணிக்கணக்குச் சம்பளமாகும், படியும் போய்விடும். ஆனால் கணக்கை ஒழுங்காகப் போடுங்கள்: வழியில் சாப்பாடு, குளியல் என்று ஆகும் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தை வீட்டுக்கு வெளியே இருந்த மொத்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். வண்டிக்குள் தூங்கிய நேரமும் அதில் சேரும். அப்புறம், மாறுவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே உள்ளூர்ச் சம்பளம்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துங்கள், மீதியை எடுக்காமல் போட்டு வையுங்கள். முடிகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும், பிரசவத்துக்குக் கையில் பணமும் இருக்கும்.

லீவு, காப்பீடு இரண்டையும் கட்டாயம் பாருங்கள். புது வேலையில் இவை முதல் நாளிலிருந்தே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். உதாரணமாக அமெரிக்காவில் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டப்படி 12 வாரம் சம்பளமில்லாத விடுப்பு கேட்க, அந்த முதலாளியிடம் 12 மாதம் இருந்திருக்க வேண்டும், 1,250 மணி நேரம் வேலையும் செய்திருக்க வேண்டும், சிறிய நிறுவனம் என்றால் அதுவும் கிடையாது. உங்கள் நாட்டு விதி என்ன, மகப்பேறு காப்பீட்டுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று சேரும்போதே கேளுங்கள்.

உடம்பு விஷயம் ஒன்று. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், அதற்கு உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவான வெப்பம் தேவை. நாளெல்லாம் சீட்டில் உட்கார்ந்தே இருப்பது, புகை, தூக்கக்கேடு எதுவும் அதற்கு உதவாது. பயப்பட வேண்டியதில்லை, ஆனால் இன்று மாற்றும் பழக்கத்தின் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். சத்தமான குறட்டையும் பகலில் தூக்கச் சொக்கலும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று டாக்டரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள், டிரைவர்களிடம் அது அதிகம்.

எந்த வேலை என்பதிலும் அவசரம் வேண்டாம். ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டியில் கலவையைச் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும், அந்தப் பதற்றம் எல்லோருக்கும் ஒத்துவராது. துறைமுகக் கன்டெய்னர் என்றால் வரிசையில் காத்திருக்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். முதலில் இப்போதைய கம்பெனியிலேயே உள்ளூர் ரூட் இருக்கிறதா என்று பாருங்கள், சர்வீஸ் கணக்கு அறுபடாமல் இருக்கலாம். நேர்முகத்தில் எத்தனை மணிக்கு முடியும் என்று மட்டும் கேட்காமல் எத்தனை மணிக்குத் தொடங்கும், போன மாதம் டிரைவர்கள் உண்மையில் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார்கள் என்று கேளுங்கள். அதை மேலாளரிடம் கேட்டுவிட்டு, யார்டில் நிற்கும் டிரைவர்களிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.